பதிச்ச கார்ல சம்ப் அடிபட்டா, பிளேட் போட்டும் சரிவராட்டி: எந்தக் குறிக்கு என்ன பாக்கணும்

இத வாசிக்கிற நேரம் உங்கட கார்ல சிவப்பு ஒயில் லைற் எரிஞ்சுகொண்டு இருக்கெண்டா முதல்ல என்ஜின ஓஃப் பண்ணுங்க. மிச்சத்த மறுகா வாசிக்கலாம்.

மட்டக்களப்புல இருந்து கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் போற மெயின் றோட்டு காப்பெட் போட்ட புறகு கார பதிச்சு, அதாவது உயரத்தக் குறைச்சு, ஓட ஆசை வாறது ஞாயம்தான், எனக்கும் வந்திச்சு, பாக்கவும் வடிவு, வளைவுல பிடிச்சுக்கொண்டு நிக்கும். ஆனா நம்மட சம்ப, என்ஜின் அடியில ஒயில் தேங்கி நிக்கிற தட்ட, உடைக்கிறது அந்த றோட்டு இல்ல. அந்த றோட்டுல இருந்து உள்ளுக்குத் திரும்புற இடங்கள்தான் உடைக்கிது. கொங்கிறீட் ஒழுங்கையும் காப்பெட்டும் சந்திக்கிற விளிம்பு, படுவான்கரைப் பக்கத்து மதகுகள்ட முதுகு, மாரி மழையில கிறவல் அரிச்சுப் போய் தலைய நீட்டிக்கொண்டு நிக்கிற கல்லு, கடைசியா சொந்த வீட்டுக் கேட்டடிச் சரிவு. இதெல்லாத்துக்கும் மேலால ஒரு நாளைக்கு நாலு தரம் போய்வாற கார்தான் நம்மட கார்.

சம்புக்குக் கீழ ஒரு தகடு, அதான் ஸ்கிட் பிளேட், சில ஆக்கள் சம்ப் கார்ட் எண்டும் சொல்லுவாங்க, அதப் போட்டா எல்லாம் சரி எண்டு நினைக்கிறம். பாதிதான் சரி. இதுல ரெண்டு இடைவெளி இருக்கு. பிளேட்டுக்கும் றோட்டுக்கும் நடுவுல ஒண்டு, சம்புக்கும் பிளேட்டுக்கும் நடுவுல இன்னொண்டு. ஒண்டக் கூட்டினா மத்தது குறையும். சாதாரண காருக்கு ரெண்டுக்கும் இடம் இருக்கு, பதிச்ச கார்ல கையில இருக்கிறதே கொஞ்சம், அதத்தான் பங்குபோடணும். கீழ வாற பிரச்சினைகள்ல முக்காவாசி இந்தப் பங்குல பிழை விட்டதால வாறதுதான், அத மனசுல வச்சுக்கொண்டு உங்கட காருக்கு எது பொருந்துதோ அந்த இடத்துக்குப் போங்க.

கீழ "டொக்"கெண்டு அடிபட்டுச்சு, இப்ப என்ன செய்யிற?

சத்தம் கேட்ட உடன டாஷ்போர்டப் பாருங்க. லைற் இல்லையெண்டாலும் நல்ல இடமாப் பாத்து ஓரம் கட்டி நிப்பாட்டி போன் ரோச்ச அடிச்சுக் கீழ பாக்கணும், "போய்ப் பாப்பம்" எண்டு போகப்போடா.

நான் போனன். மாரி நேரம், மண்முனைப் பாலம் தாண்டி கொக்கட்டிச்சோலைப் பக்கம், மதகு கட்டின கொங்கிறீட் ஓரத்துல மண் கரைஞ்சு போய் விளிம்பு மட்டும் நிண்டது தண்ணிக்குள்ள தெரியல்ல. அடிபட்டுக் கொஞ்சத் தூரம் போக லைற் ஒருக்கா மினுங்கிச்சு, மறுகா எரிஞ்சே நிண்டுது. பக்கத்து சீற்ல இருந்த மாமா "நிப்பாட்டு மனே, நிப்பாட்டு" எண்டு கதவப் பிடிச்சுக்கொண்டு சொல்லுறார், மழை, பிள்ளைகள் புறத்த, வீடு கிட்டத்தான் எண்டு நான் மிதிச்சன். வீட்டுக்குப் போய்ச் சேர முந்தி என்ஜின் அடியில இருந்து கட்டையால தட்டுற மாதிரி ஒரு சத்தம். பெயாறிங் போயிட்டு. சம்ப் மட்டும் மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும், என்ஜின்ட சுத்துற தண்டு, கிராங்க், அது வரைக்கும் போச்சு. 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்கு மறுகா திறந்தாங்க, அந்த இடையில ஒரு என்ஜின் செலவு எண்டா என்னெண்டு அனுபவிச்ச ஆக்களுக்குத் தெரியும். அதாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறன்.

விளங்கிக்கொள்ள வேண்டியது என்னெண்டா, அந்த சிவப்பு லைற் ஒயில் குறைஞ்சத காட்டுற லைற் இல்ல, ஒயில்ட அழுத்தம் விழுந்தத காட்டுற லைற். கூடுதலான கார்ல அழுத்தம் அரை பாருக்கும் கீழ போன புறகுதான் அது எரியும். கிராங்கும் பெயாறிங்கும் ஒண்டோட ஒண்டு தொடாம மெல்லிய ஒயில் படையில மிதந்துகொண்டுதான் சுத்துது. லைற் எரியிற நேரம் அந்தப் படை இல்லாமப் போய்க்கொண்டிருக்கு, இரும்பும் இரும்பும் தேயுது. "மெதுவாப் போனா ஒண்டும் ஆகாது" எண்டது இங்க செல்லாது.

நிப்பாட்டிப் பத்து நிமிசம் விட்டு, ஒயில் அளவு பாக்கிற கம்பி, டிப்ஸ்டிக்க இழுங்க. கீழ நூல் மாதிரி ஓடுதெண்டா, 3, 4 லீற்றர்தான் மொத்தமே இருக்கிற என்ஜின், சுறுக்கா காலியாகும், கதைக்கு இடமில்ல, கார தூக்கிக்கொண்டு போற லொறியத்தான் கூப்பிடணும். சொட்டுச் சொட்டா விழுதெண்டா எண்ணுங்க. ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லிலீற்றர், செக்கனுக்கு ஒண்டு விழுந்தா மணித்தியாலத்துக்கு 180 மில்லிலீற்றர். லைற் எரியல்ல, டிப்ஸ்டிக்ல அளவு சரி, சொட்டும் அந்தளவுதான், சம்புல பெரிய நெளிவும் இல்ல எண்டா ஒரு லீற்றர் ஒயில் வாங்கி ஊத்தி வச்சுக்கொண்டு கிட்ட உள்ள கராஜ் வரைக்கும் நிண்டு நிண்டு பாத்துப் போகலாம். சம்புக்குள்ள ஒயில் சும்மா தேங்கித்தான் நிக்கிது, அழுத்தம் அங்க இல்ல, அதால ஓடினாலும் ஓடாட்டியும் சொட்டுற வேகம் கனக்க மாறாது. ஆனா லைற் ஒருக்கா மினுங்கினாலும் இந்தக் கணக்கு எல்லாம் முடிஞ்சுது.

சொட்டே இல்ல, ஒயில் அளவும் சரி, ஆனா லைற் மினுங்குது, இல்லாட்டி மேல "டிக் டிக்" எண்டு சத்தம்

இதுதான் ஆக்கள் ஏமாறுற இடம். சம்ப் உடையல்ல, நெளிஞ்சிருக்கு.

முதல்ல சம்ப் இரும்பா அலுமினியமா எண்டு பாருங்க, ஸ்பீக்கர் காந்தமோ ஃபிரிட்ஜ்ல ஒட்டுற காந்தமோ ஒண்டு போதும். ஒட்டினா இரும்புத் தகடு, அடிச்சா நெளியும். ஒட்டாட்டி அலுமினியம், அது நெளியாது, வெடிக்கும். சில என்ஜின்ல மேல்பாதி அலுமினியம், கீழ கிண்ணம் மாதிரி இரும்பு, அப்பிடியும் இருக்கு, அதால ரெண்டு மூண்டு இடத்துல வச்சுப் பாருங்க.

இரும்புச் சம்புக்குள்ள அடியில வலை போட்ட ஒரு வாய் இருக்கு, ஒயில் பம்ப் உறிஞ்சுற குழாய்ட வாய். அதுக்கும் சம்ப் அடிக்கும் நடுவுல ஒரு விரல் தடிப்பு, ஏறக்குறைய பத்து மில்லிமீற்றர்தான் இடம். வெளியால பாத்தா சின்னக் குழிவு, ஒரு தேங்காய்ச் சிரட்டய கவிட்டு அமத்தின மாதிரி இருக்கும், உள்ளுக்க அது வாய மூடிக்கொண்டு நிக்கும். ஐடில்ல, மிதிக்காம சும்மா ஓடுற நேரம், என்ஜின் கொஞ்சமாத்தான் குடிக்கிற, அதுக்குக் காணும். நிமிசத்துக்கு 3000 சுத்துக்கு மேல மிதிச்சா அதுக்குக் கிடைக்காது, மூச்சு முட்டுற மாதிரித்தான்.

அதால லைற் எப்ப வருது எண்டத கவனமாப் பாருங்க. சூடான புறகு ஐடில்ல மினுங்கி, மிதிச்சா இல்லாமப் போகுதெண்டா, அது பெரும்பாலும் தேய்மானம், தண்ணியாப் போன ஒயில், இல்லாட்டி லைற்ட சென்சர். ஐடில்ல சரியா இருந்து மிதிக்க மிதிக்க லைற் வருதெண்டா உறிஞ்சுற பக்கம் அடைப்பு, சம்ப கழட்டியே ஆகணும். வளைவுலயும் பிறேக் பிடிக்கிற நேரத்துலயும் மட்டும் வருதெண்டா ஒயில் குறைவு, இல்லாட்டி அடிபட்ட நேரம் அந்தக் குழாய் வெடிச்சுக் காத்தும் சேத்து உறிஞ்சுது. சந்தேகம் எண்டா சென்சரக் கழட்டி அந்த ஓட்டையில மீற்றர் பூட்டி அளக்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிச வேலை. ஒவ்வொரு என்ஜினுக்கும் கணக்கு வேற, ஆனா சூடான ஒரு சின்னப் பெற்றோல் என்ஜின் ஐடில்ல 10 பிஎஸ்ஐக்குக் கீழயும் 3000ல 30க்குக் கீழயும் காட்டினா அத ஓடாதீங்க.

வெளியால இருந்து குழிவ இழுத்துத் தாறன் எண்டு ஆராவது சொன்னா ஒத்துக்கொள்ள வேணாம். வெளிய நிமிந்தாலும் உள்ளுக்க வலை நசிஞ்சிருந்தா ஆருக்குத் தெரியும்? கழட்டணும். கழட்டின உடன வலையத்தான் பாக்கணும், என்டதுல பழைய சிலிக்கன் துண்டுகள் புழு மாதிரிச் சுருண்டு பாதி வலைய மூடிக்கொண்டு இருந்திச்சு, அது அடிபட்டதால வந்ததில்ல, முந்தி ஆரோ சம்ப் பூட்டின நேரம் அள்ளி அப்பினது. சிலிக்கன் 3, 4 மில்லி தடிப்புல ஒரே கோடா, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கத்தால போனாக் காணும். கூடினது உள்ளுக்கத்தான் பிதுங்கும். பூட்டி உடன ஒயில் ஊத்தாதீங்க, ஏலுமெண்டா ஒரு ராத்திரி விடுங்க. சம்ப் போல்ட் எல்லாம் 10 சாவி போடுற சின்னப் போல்ட், குறுக்கு மறுக்கா அளவா இறுக்கணும், பலத்தக் காட்டினா தகடு ஓட்டையடியில குவிஞ்சு அங்கயே கசியும்.

வெல்டிங் கதை: இரும்புச் சம்பெண்டா கழட்டி, கழுவி, காய வச்சு வெல்ட் பண்ணலாம். கார்ல இருக்கத்தக்கதா கீழ படுத்து வெல்ட் பண்ண விடாதீங்க, உள்ளுக்க ஒயில் ஆவி, மேல பெற்றோல் லைன், பற்றரி வயர் கழட்டாட்டி கம்பியூற்றருக்கும் ஆபத்து. அலுமினியத்துக்கு ஆகன் வெல்டிங்தான், ஒயில் ஊறின அலுமினியம் நுரைச்சுக்கொண்டு வரும், நல்லாச் சுத்தமாக்கத் தெரிஞ்ச கை வேணும். எபொக்சி பசை வீட்டுக்குப் போய்ச் சேர மட்டும்.

காலையில கார எடுக்கக் கீழ கறை

கார்ட்போட் பெட்டிய விரிச்சு ராத்திரி கீழ வையுங்க, முன்சில்லு எங்க நிக்கிதெண்டு பேனையால கீறிவிடுங்க, அப்பத்தான் கறை எந்த இடத்துக்கு நேரா எண்டு தெரியும். கறுப்பு, மண்ணிறம் எண்டா என்ஜின் ஒயில். சிவப்பு, வழுக்கல் எண்டா அனேகமா கியர் ஒயில் இல்லாட்டி ஸ்டீயறிங் ஒயில். பச்சை, றோஸ், விரல்ல இனிச்ச மணம் எண்டா றேடியேற்றர் கூலண்ட், நாக்குல வச்சுப் பாத்திடாதீங்க நஞ்சு. வெறும் தண்ணியெண்டா ஏசித் தண்ணி, நிம்மதியாப் போங்க.

பிளேட் போட்ட காருக்கு இதுல ஒரு கள்ளம் இருக்கு. ஒயில் மேல எங்கயோ கசிஞ்சு பிளேட்ல விழுந்து சரிவால ஓடி புறத்து விளிம்பாலயோ ஓட்டையாலயோதான் சொட்டும், கறைக்கு நேரா மேல பாத்தா ஒண்டும் இருக்காது. அதவிட மோசம், சின்னக் கசிவெண்டா பிளேட்ல கிடக்கிற மணல் அத உறிஞ்சிப்போடும், நிலத்துல ஒரு பொட்டும் விழாது, மாசத்துல ஒயில் அரைவாசி. பிளேட் போட்ட நாள்ல இருந்து "கீழ கறை இல்ல" எண்டத நம்பாம வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை டிப்ஸ்டிக் பாக்கிற பழக்கத்த எடுங்க.

கசியிற இடம் பிடிக்க, பிளேட்டக் கழட்டி, எல்லாத்தையும் டிகிறீசர் போட்டுக் கழுவிக் காயவச்சு, பிள்ளைகளுக்குப் பூசுற பவுடர சம்பச் சுத்தி ஊதிவிடுங்க. பத்துக் கிலோமீற்றர் ஓடிட்டு வந்து பாத்தா வெள்ளையில கறுப்புக் கோடு தெளிவா விழுந்திருக்கும். ட்ரெயின் நட்டடியிலயா, சம்ப் ஓரத்துலயா, ஒயில் ஃபில்டர்லயா, இல்ல என்ஜின்ட மேல் மூடி, வால்வ் கவர்ல இருந்து வழிஞ்சு வருதா. சம்ப் கசியுதெண்டு கழட்டிப் பூட்டி, கடைசில வால்வ் கவர் கஸ்கட்தான் எண்டு கண்ட ஆக்கள் எத்தினையோ பேர்.

பிளேட் போட்டும் இப்ப பிளேட்டே எல்லா இடத்துலயும் உரசுது

கணக்கப் பாருங்க. கம்பனியால வந்த மாதிரி இருக்கேக்குள்ள சம்புக்குக் கீழ 160 மில்லி எண்டு வைப்பம். 40 மில்லி பதிச்சா 120. நாலு பேர் ஏறினா முன்பக்கம் இன்னும் 15, 20 மில்லி இறங்கும், 100. இப்ப 3 மில்லித் தகடு, அதுக்கும் சம்புக்கும் 20 மில்லி இடைவெளி, போச்சு 23. மிச்சம் 77. றோட்டுல வேகத்தடையாப் போட்டிருக்கிற பம்ப் கனக்க இடத்துல அதவிட உயரம். பிளேட் போட முந்தி உரசாத இடத்துல போட்ட புறகு உரசுறது உங்கட கண் பிழை இல்ல, நிசமாவே இடம் குறைஞ்சிட்டு.

அளக்கிறதெண்டா வெறும் கார்ல அளக்காதீங்க, பெற்றோல் நிரப்பி, வழமையா ஏறுற ஆக்கள ஏத்தி, பெற்றோல் செட் மாதிரி சமனான கொங்கிறீட்ல வச்சு அளவுங்க.

இடைவெளியக் குறைக்கிற ஆசையில தகட்ட சம்போட ஒட்டிப் பூட்டினா அந்தத் தகடு தகடே இல்ல, அடி நேரா சம்புக்குப் போகும், குழிவு மட்டும் அகலமா விழும். என்ஜின் மவுண்டிங் றப்பர்ல ஆடிக்கொண்டு இருக்கிற சாமான், தகடு கார்ட உடம்புல நிக்கிற சாமான், ரெண்டுக்கும் நடுவுல 15 மில்லிக்குக் குறையப்போடா, 20 எண்டா நல்லம். இடம் மிச்சம் பிடிக்க வேணுமெண்டா முழுத் தகட்டையும் மட்டமாப் பூட்டாம, சம்ப் வாற இடத்துல மட்டும் இறக்கி மத்த இடத்த மேல தூக்கி வளைக்கச் சொல்லுங்க.

முன் விளிம்பு எப்பிடியெண்டு பாருங்க, இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். தோணி அணியம் மண்ல ஏறுற மாதிரி முன்பக்கம் 30, 40 பாகை மேல வளைஞ்சிருக்கணும், அப்பத்தான் விளிம்பு பட்டா கார் தூக்கி வழுக்கிப் போகும். நேரா வெட்டி விட்ட தகடு மண்வெட்டி மாதிரித்தான், கல்லக் கொத்தி நிக்கும், போல்டையும் பிடுங்கும். போல்ட் தலை வெளிய தள்ளிக்கொண்டு இருந்தா முதல் அடியில தலை போயிடும், தகட்டுக்குள்ள அமுங்கி நிக்கிற தலை போடணும், இல்லாட்டி போல்டுக்கு முன்னால ஒரு சின்ன இரும்புத் துண்ட சரிவா வெல்ட் பண்ணி விடணும். சாய்ந்தமருதுப் பக்கம் ஒரு வெல்டிங் நானா எனக்கு இதச் செய்து தந்தார், நான் கேக்கவும் இல்ல, "தம்பி, இந்தத் தலை நாளைக்கு இருக்காது" எண்டு சொல்லி அவராவே சைக்கிள் பெல் மூடி அளவுல ஒவ்வொரு போல்டுக்கும் ஒரு கூடு வச்சார். கீறல் விழுந்தது முழுக்க அந்தக் கூட்டுலதான், போல்ட் நாலும் புதுசு மாதிரி.

எதுல பூட்டுற எண்டதும் இருக்கு. புறத்த சப் ஃபிறேம், இல்லாட்டி குறொஸ் மெம்பர், ரெண்டும் என்ஜினடியில போற தடிச்ச இரும்புச் சட்டங்கள். முன்னால றேடியேற்றருக்குக் கீழ போற குறுக்குத் தகடு மெல்லிசு, அதுல முழுப் பாரத்தையும் விட்டா அடிபடக்குள்ள றேடியேற்றரையும் சேத்துத் தள்ளும், அதால முன்பக்கம் பிடிச்சு வைக்க மட்டும், அடி தாங்குறது புறத்த. சம்ப் போல்ட்லயோ கியர்பொக்ஸ்லயோ பிளேட்டக் கொழுவவே கூடாது. தடிப்பு கேட்டா, 3 மில்லி இரும்பு, இல்ல 5 மில்லி அலுமினியம். 70க்கு 60 சென்ரிமீற்றர் தகடெண்டா இரும்பு 10 கிலோ கிட்ட, அலுமினியம் 6 கிலோவுக்கும் குறைய. மூக்குல ஏறுற பாரம், ஸ்பிரிங் அதுக்கும் இறங்கும். 6 மில்லி இரும்பு போட்ட ஒருத்தர்ட கார் தகட்டப் போட்டதாலயே இன்னும் பதிஞ்சு போய் நிண்டதப் பாத்திருக்கன்.

ஐடில்ல "டர்ர்ர்", கியர் போட்டா நிக்கிது, இல்லாட்டி கூடுது

எங்கயோ தொடுது. எங்கயெண்டு தேடுறதுக்கு வீட்டுலயே சாமான் இருக்கு. ரொட்டிக்குக் குழைக்கிற கோதுமை மாவ கொஞ்சம் இறுக்கமாக் குழைச்சு, எலுமிச்சங்காய் அளவு உருண்டையா சம்ப் அடி, கியர்பொக்ஸ் அடி, ட்ரெயின் நட்டுக்குக் கீழ எண்டு பிளேட்ல நாலஞ்சு இடத்துல, ஒவ்வொண்டுக்கும் மேல ஒரு பொலித்தீன் துண்டு வச்சு, பிளேட்டப் பூட்டுங்க. சைலன்சர்க் குழாய்ப் பக்கம் வைக்காதீங்க, எரியும். ஊருக்குள்ள ஒரு சுத்து, ஒருக்கா இழுத்து மிதிச்சு, ஒருக்கா பிறேக்க அமத்தி, றிவேர்ஸ் போட்டுப் பாத்திட்டு வந்து கழட்டுங்க. மா எவ்வளவு தடிப்புல நிக்கிதோ அதான் அந்த இடத்துல மிஞ்சின ஆகக்குறைஞ்ச இடைவெளி. என்டதுல கியர்பொக்ஸ் பக்கம் அப்பளம் மாதிரி ஆகியிருந்திச்சு, நிப்பாட்டி வச்ச கார்ல அளந்த நேரம் அதே இடம் 18 மில்லி. அப்ப தகடு இல்ல பிழை, என்ஜின் மவுண்டிங் றப்பர் கிழிஞ்சிருக்கு. மவுண்டிங் மாத்தினன், சத்தம் நிண்டுது. சத்தத்துக்குத் தகட்ட வளைக்க முந்தி மவுண்டிங்கப் பாருங்க.

தொடாமலே ஒரு குறிப்பிட்ட சுத்துல மட்டும் மேளம் மாதிரி அதிருதெண்டா அது அகலமான தட்டைத் தகடு நடுங்குறது. நடுவால ஒரு மடிப்பு வளைக்கச் சொல்லுங்க, போல்ட்டடியில தடிச்ச றப்பர் வொசர் போடுங்க.

பிளேட் போட்ட புறகு சூடு ஏறுது

றேடியேற்றரால வாற சூட்டுக்காத்து என்ஜினுக்குக் கீழாலயும் புறத்தாலயும்தான் வெளிய போகணும். முழுக்க மூடின தகடு அந்த வழிய அடைக்கும். பங்குனி, சித்திரை வெயில்ல ஏசியும் போட்டுக்கொண்டு காத்தான்குடி நெரிசல்ல நிண்டா மீற்றர் சொல்லும். தகட்டுல புறத்த பாத்தபடி செதில் மாதிரி வெட்டி விட்ட காத்து வாய் வேணும், முன்பக்கம் பாத்த வாயெண்டா மண்ணையும் தண்ணியையும் அள்ளி உள்ளுக்க எறியும்.

இன்னொண்டு, பிளேட் பூட்டுறதுக்கெண்டு கம்பனி பிளாஸ்ரிக் கவரக் கழட்டி எறிஞ்சிருப்பீங்க. கனக்க கார்ல அந்தக் கவர்தான் முன்னால வாற காத்த றேடியேற்றருக்குள்ள திருப்பி விடுறது. ஏலுமான அளவு அத வச்சுக்கொண்டே சம்ப் வாற இடத்துக்கு மட்டும் தகடு போடப் பாருங்க.

கருகின மணம், கீழ புகை

உடன நிப்பாட்டுங்க, என்ஜின ஓஃப் பண்ணுங்க, ஆக்கள இறக்குங்க. வெட்டுக் காலத்துல இது விளையாட்டில்ல. அம்பாறைப் பக்கமும் படுவான்கரையிலயும் நெல்லுக் காயப்போடுற, வைக்கல் ஏத்துற நேரம் றோட்டு முழுக்க வைக்கல் கிடக்கும், பதிச்ச கார் அதத் தும்புத்தடி மாதிரிக் கூட்டி அள்ளிக்கொண்டு போகும், பிளேட்டுக்கு மேல அது போய் அடையும், பக்கத்துல கொதிக்கிற சைலன்சர்க் குழாய், புகையச் சுத்தமாக்குற கற்றலிஸ்ட். காஞ்ச வைக்கல், அதுல ஒயில் கசிவும் சேந்தா பத்திக்கொள்ள நேரம் எடுக்காது. வட்டைப் பக்கம் போய்வந்தா டயர் லீவர் மாதிரி வளைஞ்ச கம்பி ஒண்டால பிளேட்டுக்கு மேல இழுத்துப் பாருங்க, சூடு ஆறின புறகு. பிளேட் சைலன்சர்க் குழாயில இருந்து நாலஞ்சு சென்ரிமீற்றராவது தள்ளி நிக்கணும். கார்ல ஒரு சின்ன தீயணைக்கிற சிலிண்டர் இருக்கட்டும்.

புதுசா அடிச்ச பெயின்ற், சிந்தின ஒயில் எண்டா ரெண்டு நாள்ல மணம் போயிடும். போகாட்டி மேல கசிவு.

ஒயில் மாத்தப் போனா பிளேட்டக் கழட்ட ஏலா

கடல் காத்து. கல்லடி, நாவலடி, களுவாஞ்சிகுடிக் கரையோரம் நிக்கிற கார்ல ஒரு மாரி முடிய போல்ட் துருப்பிடிச்சு இறுகிப்போகும், அலுமினியத் தகட்டுல இரும்புப் போல்ட் எண்டா இன்னும் கெதியா, ரெண்டு உலோகமும் உப்புத் தண்ணியும் சேந்தா அலுமினியம் வெள்ளையாப் பூத்து அரிச்சுக்கொண்டு போகும். பூட்டுற நேரமே போல்டுக்குக் கிறீஸ், நடுவுல நைலோன் வொசர். இப்ப இறுகிட்டெண்டா துருக்கிளப்புற ஸ்பிறேய ராத்திரி அடிச்சு விட்டு, காலையில முதல்ல கொஞ்சம் இறுக்கி மறுகா கழட்டிப் பாருங்க, நேரா இழுத்தா முறியும்.

ட்ரெயின் நட்டுக்கும் ஃபில்டருக்கும் நேரா ஓட்டை வெட்டி வைக்கிறது நல்லந்தான், ஆனா ஓட்டையிருக்கெண்டு பிளேட்டக் கழட்டாம ஒயில் மாத்திக்கொண்டே போனா மேல கிடக்கிற மண்ண ஆரும் பாக்க மாட்டாங்க. ரெண்டு ஒயிலுக்கு ஒருக்கா முழுசாக் கழட்டிக் கழுவுங்க.

ட்ரெயின் நட் சும்மா சுத்துது, இறுகுதில்ல எண்டா மரை போயிட்டு, அலுமினியச் சம்புல இது அடிக்கடி. ரேப் சுத்தின நட்ட நம்பி ஓடாதீங்க. மரைக்குள்ள இரும்புச் சுருள் போட்டு பழைய அளவுக்கே கொண்டுவரலாம், லேத் வேலை தெரிஞ்ச ஆக்கள் செய்வாங்க. இனிமேல் வொசர் ஒவ்வொரு தரமும் புதுசு, இறுக்கம் ஏறக்குறைய 40 நியூட்டன் மீற்றர், நீட்டுக் குழாய் போட்டு இறுக்குற வேலை இல்ல.

பிளேட் சரி, சத்தம் இல்ல, சூடு இல்ல, ஆனா அடி குறையல்ல

பிளேட்டக் கழட்டிக் கீறல வாசியுங்க. இதுக்காகவே நான் பிளேட்டுக்கு அடிப்பக்கம் மலிஞ்ச வெள்ளைப் பெயின்ற் அடிச்சு வச்சிருக்கன், ஒவ்வொரு ஒயிலுக்கும் மறுகா ஒரு கை.

முன் வளைவுல மட்டும் கீறலெண்டா பம்ப்ல ஏறும்போது பிறேக்க மிதிச்சுக்கொண்டு ஏறுறீங்க, பிறேக் பிடிச்சா மூக்கு ஓரிரண்டு சென்ரிமீற்றர் இறங்கும். பம்ப்புக்கு முந்தியே வேகத்தக் குறைச்சு, ஏறுற நேரம் காலை எடுத்து விடுங்க, இடமிருந்தா கோணலா ஒரு சில்லு ஒரு சில்லா ஏத்துங்க. நடுவுல அகலமாக் கீறலெண்டா ஷொக் போயிட்டு, இல்லாட்டி வெட்டின ஸ்பிரிங். ஸ்பிரிங்க வெட்டிப் பதிச்ச கார் கிடங்குல விழுந்தா அமுங்கிக் கடைசி வரைக்கும் போயிடும், தகடு என்ன தடிப்பெண்டாலும் அடிபடத்தான் செய்யும். அளவுக்குச் செய்த ஸ்பிரிங், அதுக்குப் பொருந்தின ஷொக் போடுங்க. ஒரு பக்கம் மட்டும் கீறலெண்டா ரெண்டு பக்கமும் சில்லுக்கும் மட்காட்டுக்கும் உள்ள உயரத்த அளந்து பாருங்க, ஒரு ஸ்பிரிங் கூட வெட்டுப்பட்டிருக்கும், இல்லாட்டி உடைஞ்சிருக்கும்.

நான் கடைசில 25 மில்லி திருப்பித் தூக்கினன். பொடியன்மார் "ஏன் அண்ணே தூக்கின" எண்டு கேட்டாங்க, வெளியால பாத்தா ரெண்டு விரல் வித்தியாசமும் இல்ல. போன மாரியில அதே கொக்கட்டிச்சோலைப் பாதையால அதே ஆக்களோட போய்வந்து வீட்டு முத்தத்துல ஜக்குப் போட்டு ஸ்டாண்ட் வச்சுப் பாத்தன், மாமா ரோச்சப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். முன் வளைவுல ரெண்டு கோடு, ஒரு போல்ட் கூட்டுல கொஞ்சம் பெயின்ற் போயிருக்கு. சம்புக்கு நேரா கீழ வெள்ளை அப்பிடியே இருந்திச்சு.